குகையிலிருந்து வகுப்பறைக்கு

உயர்தர வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவனை அவனுடைய தந்தையார் ஒரு மாலைப் பொழுதில் எமது இல்லத்திற்கு அழைத்து வந்தார். பரீட்சைக்கு நான்கு மாதங்களே இருந்தன. கெட்டிக்காரப் பையன்; ஒழுக்கம் உள்ளவன். அவன்மேல் தந்தையார் சொன்ன முறைப்பாடு விசித்திரமானது. "மாஸ்ரர், இவன் விடிய நாலு மணிக்கு எழும்பிக் கும்பிடத் தொடங்கினால் எட்டு மணிக்குத்தான் எழும்புகிறான். பின்னேரம் கோயில். இரவிலும் தியானம் என்று கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறான். புத்தகத்தை மட்டும் தொடுகிறான் இல்லை. முதலில் எங்களுக்குச் சந்தோஷமாய்த்தான் இருந்தது. இப்போது பயமாய் இருக்கிறது."

பையன் தலை குனிந்தபடி நின்றான். நாம் காரணம் வினாவியபோது அவன் அமைதியாகவே விடை கூறினான்: "மனத்தைச் சுத்தமாக்கி வாழ்க்கையைக் கடவுளுக்கு ஒப்படைக்க விரும்புகிறேன், சேர். அப்படி நினைப்பவனுக்கு இரசாயனவியல் எதற்கு?"

வாசகர்களே, இவ்வினாவிற்கு உடனே விடை சொல்ல எம்மால் இயலவில்லை. சோம்பேறி கேட்டிருந்தால் இரண்டு வார்த்தை அதட்டி அனுப்பியிருக்கலாம். இவன் கேட்டதோ உண்மையான கேள்வி. அடுத்த ஞாயிறு வரும்படி சொல்லி இருவரையும் அனுப்பிவிட்டு அவ்வாரம் முழுவதும் இதனையே எண்ணிக்கொண்டிருந்தோம். சைவ நூல்கள் ஆன்மசுத்தி பற்றி ஆழமாகப் பேசுகின்றன. எனினும் இம்மாணவனுடைய இக்கட்டில் அப்படியே அகப்பட்டு, அதிலிருந்து வெளியேறிய ஒருவருடைய வரலாறு கிறிஸ்தவ சமயத்திலேயே எமது நினைவுக்கு வந்தது. அவரே இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். நல்லது எவ்விடத்திலிருப்பினும் எடுத்துக்கொள்வது சைவனுக்கு இழுக்காகாது.

இஞ்ஞாசியார் 1491 ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பாஸ்க் பிரதேசத்தில், லொயோலா என்னும் மாளிகையில் ஓர் உயர்குடியிற் பிறந்தவர். அரசவைப் பழக்கமும் ஆடையழகும் வாட்போரும் வீரப் புகழுமே அவருடைய இளமையை ஆட்கொண்டிருந்தன. 1521 மே 20 இல் பம்பலோனாக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது பீரங்கிக் குண்டொன்று அவரது வலக்காலை நொறுக்கியது. வீட்டிற்குத் தூக்கி வரப்பட்டார். முறிந்த எலும்பு கோணலாகப் பொருந்தி முழங்காலின் கீழே புடைத்து நின்றது. அழகிய நெடுஞ்சப்பாத்து அணிவதற்கு அது தடையாகுமே என்று கவலையுற்று, அப்புடைப்பை வாளால் அறுக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் அவ்வேதனையைப் பொறுத்தது பக்தியினால் அன்று, வெறும் ஆடம்பரத்தினாலேயே என்பதை நாம் மறத்தலாகாது.

படுக்கையிற் கிடந்தவர் வீரக் கதைகளைக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் சரிதைகளுமே கிடைத்தன. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். சில வேளை தாம் பணிசெய்ய விரும்பிய ஒரு சீமாட்டியைப் பற்றி மணிக்கணக்கிற் கனவு காண்பார். சில வேளை அப்புனிதர்களைப் போலத் தாமும் தவம் செய்தால் என்ன என்று எண்ணுவார். இரண்டும் எண்ணும்போது இனித்தன. ஆனால் எண்ணி முடிந்தபின் முதலாவது மனத்தை வரளச் செய்தது. இரண்டாவது நிறைவைத் தந்து நின்றது. ஒருநாள் இவ்வேறுபாடு அவருக்குப் புலப்பட்டது. தன் மனத்தைத் தானே எட்ட நின்று பார்க்கக் கற்றுக்கொண்ட அந்நாளே அவருடைய தூய்மை வழியின் முதல் நாள் எனலாம்.

நடக்க இயன்றதும் 1522 இல் மொன்செராற் மலையிலுள்ள துறவிகளின் மடத்தை அடைந்தார். கடந்தகாலப் பாவங்களையெல்லாம் எழுதி வைத்து மூன்று நாட்கள் பாவசங்கீர்த்தனம் செய்தார். உடைவாளையும் குத்துவாளையும் தேவமாதாவின் பீடத்தருகே தொங்கவிடக் கொடுத்தார். மார்ச் 24 ஆம் திகதி இரவு தம் விலையுயர்ந்த உடைகளை ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டுச் சாக்குத் துணி உடுத்தி விடியும்வரை பீடத்தின்முன் விழித்திருந்தார்.

இங்கே ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. பெரும்பாலோர் இதனைக் கதையின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவர். எமக்கோ இதுவே நெஞ்சைத் தைத்தது. காலையில் அவர் புறப்பட்டுச் சிறிது தூரம் செல்வதற்குள் ஒருவன் பின்னால் ஓடிவந்து, "அப்பிச்சைக்காரனுக்கு உடைகளைக் கொடுத்தது நீர்தாமா?" என்று கேட்டான். கந்தல் அணிந்தவனிடம் பட்டாடை ஏது என்று ஐயுற்று அந்த ஏழையைக் கள்வனெனப் பிடித்திருந்தார்கள். இஞ்ஞாசியார், ஆம் என்று உண்மையைச் சொன்னார். சொல்லும்போதே கண்ணீர் சொரிந்தார். தாம் தூயவராக விரும்பிச் செய்த செயலுக்கு வேறொருவன் அடிபட நேர்ந்ததே என்ற இரக்கம் அது.

அங்கிருந்து மன்ரேசா என்னும் சிற்றூரை அடைந்து ஏறத்தாழப் பதினொரு மாதங்கள் தங்கினார். பிச்சை எடுத்து உண்டார். நாள்தோறும் ஏழு மணித்தியாலம் முழந்தாளில் நின்று செபித்தார். முன்பு தலைமுடியை அழகுபடுத்தியவர், அதற்குப் பிராயச்சித்தமாக முடியையும் நகத்தையும் வெட்டாது வளரவிட்டார். அவர் தனித்திருந்து தியானித்ததாகச் சொல்லப்படும் குகை இன்றும் யாத்திரிகர் வழிபடும் இடமாக உள்ளது.

இவ்வளவு தவத்தின் நடுவே அமைதி பிறந்ததா? இல்லை. எல்லாப் பாவங்களையும் சொன்னோமா, ஏதாவது விடுபட்டதா என்ற சந்தேகம் அவரைப் பற்றிக்கொண்டது. சொன்னதையே மீண்டும் சொன்னார், மீண்டும் ஐயுற்றார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணங்கூட எழுந்தது. அது பாவம் என்ற ஒரே நினைவால் தப்பினார். கடவுள் விடைதரும்வரை உண்பதில்லை என ஒரு வாரம் பட்டினி கிடந்தார். குருவானவர் கட்டளையிட்ட பின்பே உணவு கொண்டார். ஈற்றில் ஒருநாள் துயில் நீங்கியவர்போல விழித்தெழுந்தார். இச்சந்தேகம் தம்மை இறைவனிடம் சேர்க்கவில்லை, தம்மைத் தம்மோடேயே கட்டிப்போடுகிறது என்று கண்டார். பழைய பாவங்களை இனிக் கிளறுவதில்லை எனத் தீர்மானித்தார். அழுக்கை நீக்கப் புகுந்தவன் அழுக்கையே ஓயாது பார்த்துக்கொண்டிருப்பின் அதுவும் ஒருவகை ஆணவமே என்று நாம் சைவ மொழியிற் சொல்லலாம்.

அதன்பின் அவரிடம் தெளிவு தோன்றியது. பிறருக்கு உதவத் தொடங்கியதும் முடியையும் நகத்தையும் வெட்டிக்கொண்டார். உறங்க ஒதுக்கிய சிறிது நேரத்தில் உயர்ந்த தெய்வீக எண்ணங்கள் வந்து தூக்கத்தைக் கெடுத்தன. அவற்றையும் ஆராய்ந்து, செபத்திற்குரிய நேரம் வேறாக இருக்கையில் இவை வருவது நல்லதன்று எனத் துணிந்து உறங்கினார்.

இவ்வனுபவங்களிலிருந்தே அவருடைய ஆன்மீகப் பயிற்சிகள் என்னும் சிறு நூல் பிறந்தது. 1548 இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் அதனை அங்கீகரித்தார். கத்தோலிக்க நண்பர்கள் ஞான ஒடுக்கம் என்று சில நாட்கள் மௌனமாக இருந்து வருவதை நாம் அறிவோம். அவற்றுட் பலவற்றிற்கு அடிப்படை இந்நூலே. முழுப் பயிற்சி ஏறக்குறைய முப்பது நாட்களுக்குரியது. நான்கு வாரங்களாக வகுக்கப்பட்டது. முதல் வாரம் தன் பாவத்தைக் காண்பது. இரண்டாம் வாரம் கிறிஸ்துவின் வாழ்வைத் தியானித்துத் தன் வாழ்வின் வழியைத் தெரிவது. மூன்றாவது அவருடைய பாடுகள். நான்காவது அவருடைய உயிர்ப்பு. முடிவில் தன் சுதந்திரம், நினைவு, அறிவு, விருப்பம் அனைத்தையும் இறைவனிடம் கையளிக்கும் செபம் வருகிறது. பாவத்தைக் காண்பது நான்கில் ஒரு பங்கு மட்டுமே என்பதைக் கவனிக்க. கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்திருப்பதற்காக ஒருவரும் கழுவுவதில்லை.

நாள்தோறும் செய்யவேண்டிய ஆத்தும சோதனையும் அந்நூலில் உண்டு. திருத்த விரும்பும் ஒரேயொரு குற்றத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். நண்பகலிலும் இரவிலும் அமர்ந்து எத்தனை முறை தவறினோம் என எண்ணி, கோடிட்ட தாளிற் புள்ளி இடவேண்டும். நேற்றையதோடு இன்றையதை, சென்ற வாரத்தோடு இவ்வாரத்தை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். மளிகைக் கடைக்காரர் கணக்கெழுதுவது போன்ற எளிய முறைதான்.

இனி எமது மாணவனுக்குரிய பகுதிக்கு வருவோம். 1523 இல் இஞ்ஞாசியார் எருசலேமுக்கு யாத்திரை சென்றார். வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்க விரும்பினார், அனுமதி கிடைக்கவில்லை. பிறருக்கு உதவுவதாயின் கல்வி வேண்டும் என்று உணர்ந்து பார்சலோனாவுக்குத் திரும்பினார். அப்போது வயது முப்பதைக் கடந்திருந்தது. இலத்தீன் மொழியின் ஆரம்ப இலக்கணத்தைப் படிக்க மாணவராக அமர்ந்தார். வினைச்சொற்களை மனனம் செய்யத் தொடங்கினாற் போதும், ஆன்மீக விடயங்களில் புதிய விளக்கங்களும் இன்பங்களும் வெள்ளமெனப் பெருகி வந்து மனனத்தைக் குலைத்தன. செபத்திலும் பூசையிலும் நிற்கும்போது இத்துணைத் தெளிவு வருவதில்லையே, படிக்கும்போது மட்டும் ஏன் வருகிறது என்று தம்மைக் கேட்டார். இது பக்தியின் வேடம் பூண்ட சோதனை எனக் கண்டார். ஆசிரியரைத் தேவாலயத்திற்கு அழைத்து உண்மையைச் சொல்லி, அங்கே உண்ண அப்பமும் குடிக்க நீரும் கிடைக்கும்வரை இரண்டு ஆண்டுகளும் பாடத்தைக் கவனமாகக் கேட்பேன் என வாக்களித்தார். அதன்பின் அச்சோதனை தொடரவில்லை.

அவ்வாக்கின் பயன் யாது? 1528 இல் பாரிஸ் சர்வகலாசாலையை அடைந்தார். அங்கே கிடைத்த தோழர்களுள் ஒருவர் சவேரியார். 1534 ஆகஸ்ட் 15 இல் அவரும் ஆறு தோழர்களும் மொன்மார்த்தர் குன்றில் தம்மை இறைவனுக்கு அர்ப்பணித்து வாக்குக் கொடுத்தனர். 1540 இல் இயேசு சபை அங்கீகாரம் பெற்றது. 1542 இல் சவேரியார் தமிழ்நாட்டு முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். அச்சபையின் குருவாகிய என்றீக்கஸ் அடிகள் 1578 இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சிட்டார். பின்னாளில் வீரமாமுனிவரும் அச்சபையிலிருந்தே வந்தார். ஒருவர் வயது கடந்தும் வெட்கப்படாமல் இலக்கணம் படித்ததன் நன்மை தமிழ்மொழி வரையும் வந்து சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு மாணவன் வந்தான். இவ்வரலாற்றைச் சொன்னோம். "அப்படியானால் கும்பிடுவதை விடச் சொல்கிறீர்களா, சேர்?" என்றான். "விடவேண்டாம். அரைமணி கும்பிடு. படிக்கும் நேரத்தில் வரும் தியானத்தை மட்டும் ஐயத்தோடு பார். நாளை நீ மருந்து கொடுக்கும் நோயாளி உன் தியானத்தைக் கேட்கமாட்டான். உனக்கு மருந்து தெரியுமா என்றுதான் கேட்பான். அப்பர் சுவாமிகள் பாடியதோடு நில்லாமல் உழவாரமும் ஏந்தினார் அல்லவா?" என்றோம். முயன்று பார்ப்பதாகச் சொன்னான். போகும்போது வாசலில் நின்று கேட்டான்: "அந்தப் புள்ளிக் கணக்கை நீங்களும் எழுதுகிறீர்களா, சேர்?"

அன்றிரவு தாளும் பேனாவும் எடுத்து அமர்ந்தோம். எழுதத் தொடங்குமுன்பே ஒரு முகம் முன்வந்து நின்றது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், தவணைப் பரீட்சையில் பார்த்து எழுதினான் என்று ஒரு மாணவனை வகுப்பின் முன் நிறுத்திப் பிரம்பால் அடித்தோம். அவன் அழவில்லை, "நான் பார்க்கவில்லை, சேர்" என்று மட்டும் சொன்னான். சில மாதங்களின் பின் பார்த்து எழுதியவன் வேறொருவன் எனத் தெரியவந்தது. அதற்குள் அக்குடும்பம் வேறூருக்குப் போய்விட்டது. அன்றுதொட்டு வெள்ளிக்கிழமைதோறும் சந்நிதியில் அதனைச் சொல்லி மன்னிப்பு வேண்டி வந்தோம். அதனால் எமது மனம் தூய்மையாகிறது என்றும் நம்பினோம். ஆனால் அவனிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. பிடிபட்ட ஏழைக்காக இஞ்ஞாசியார் மலைப்பாதையில் அப்போதே சொன்ன அந்த ஒரு சொல்லை நாம் பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லவில்லை. வாய்மையால் அகம் தூய்மையாகும் என்ற வள்ளுவர் கருத்தை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பித்தவரும் நாமே.

பழைய மாணவர் ஒருவர் மூலம் விலாசம் கிடைத்தது. கடந்த வியாழக்கிழமை கடிதத்தைத் தபாலில் இட்டோம். நான்கு வரிதான், அதனை எழுத மூன்று இரவுகள் சென்றன. நாம் தவறிழைத்தோம், நீ குற்றமற்றவன் என்பதே அதன் சாரம். மறுமொழி இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம், அது அவனுடைய உரிமை. கடிதம் எழுதவேண்டியது எமது கடன்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் எவரேனும் இன்றிரவு அக்கோடிட்ட தாளை எடுப்பீராயின், முதற் புள்ளியை இட்டதும் பேனாவை மூடிவிடாதீர்கள். அப்புள்ளிக்கு உரிய மனிதர் யார் என்று கேளுங்கள். அவர் அருகில் இருந்தால் எழுந்து சென்று சொல்லிவிடுங்கள்.