விதியல்ல, தடுக்கக் கூடிய சாவு!

நமது நாட்டில் ஆதிவாசியாகப் பிறப்பவரின் சராசரி ஆயுள் 63.9 வருஷம், மக்கள் முழுவதற்கும் எடுத்தால் 67 வருஷம். பழங்குடியினரின் சுகாதாரத்தைப் பற்றி ஆராய மத்திய சர்க்கார் நியமித்த நிபுணர் குழு 2018ல் தந்த கணக்கு இது. குழந்தைகளின் கதி இன்னும் மோசம். பிறக்கும் ஆயிரம் ஆதிவாசிக் குழந்தைகளில் 57 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தனர் என்றது 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. தாழ்த்தப்பட்டோர், பிற்பட்டோர், பழங்குடியினர் அல்லாத குடும்பங்களில் அந்த எண்ணிக்கை சுமார் 39.

இதை விதி என்று சொல்லிக் கைகழுவுகிறார்கள் சிலர். அறியாமையே காரணம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் பொய் என்பதற்கு நீலகிரியே சாட்சி.

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு ஆதிவாசி சமூகங்கள் வாழ்கின்றன. பணியர், இருளர், குறும்பர் முதலியோரிடையே அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் காணப்படுகிறது. ரத்தத்தின் சிவப்பணு, கதிர் அறுக்கும் அரிவாளைப் போல வளைந்து, சிறு ரத்தக் குழாய்களை அடைத்துக் கொள்கிறது. கை, கால், எலும்பெல்லாம் தாங்க முடியாத வலி. 120 நாள் இருக்க வேண்டிய அணு 10, 20 நாளில் அழிகிறது. சின்னஞ்சிறு குழந்தையை ஒரு கிருமிக் காய்ச்சலே கொண்டு போய் விடுகிறது.

இந்த நோயின் கூறு இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று நீலகிரி. லேமன், கட்புஷ் என்ற விஞ்ஞானிகள் 1952லேயே இதை வெளியிட்டார்கள். இதை ஒழிக்க மத்திய சர்க்கார் தேசிய இயக்கம் தொடங்கியதோ 2023 ஜூலை 1ல்! இடையில் ஓடியவை 71 வருஷங்கள். 2047க்குள் ஒழிப்போம் என்கிறது அந்த இயக்கம். இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தை அதுவரை காத்திருக்க முடியுமா?

பரிகாரம் இல்லாமலில்லை. பிறந்த குழந்தையின் குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்தால் நோய் தெரிந்து விடும். நோயுள்ள குழந்தைக்குத் தினமும் பெனிசிலின் கொடுத்தால், நிமோனியாக் கிருமியின் கடும் தாக்குதல் 84 சதவிகிதம் குறையும் என்று 1986லேயே அமெரிக்க ஆராய்ச்சி நிரூபித்தது. ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து வலியைக் குறைக்கிறது. இவையெல்லாம் கிடைக்காமல் ஒரு குழந்தை இறந்தால் அதை நோயால் வந்த சாவு என்று நாம் ஏற்க மாட்டோம்.

கூடலூரில் 1990ல் தோன்றிய அஸ்வினி என்ற அமைப்பு, ஆதிவாசிப் பெண்களுக்கே பயிற்சி தந்து சுகாதாரப் பணியில் அமர்த்தியது. அறியாமை என்று பேசுவோருக்கு இதுவே பதில்.

மலையில் நடப்பதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று மில் தொழிலாளியோ விவசாயத் தொழிலாளியோ கேட்கலாம். பணியர் என்றாலே பணி செய்பவர் என்றுதான் பொருள். நிலத்தோடு சேர்த்து அடகு வைக்கப்பட்ட பரம்பரை அது. மில் தொழிலாளிக்கு 1948ல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1951ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெரிய எஸ்டேட்டுகளில் வைத்திய வசதியைக் கட்டாயமாக்கியது. சிறு தோட்டத்தில் தினக்கூலிக்குப் போன ஆதிவாசிக்கு இரண்டுமே எட்டவில்லை. நோயில் படுத்த நாளில் அவர் வீட்டில் அடுப்பெரியாது.

ஆகவே நாம் கோருகிறோம்: நீலகிரியில் பிறக்கும் ஒவ்வொரு ஆதிவாசிக் குழந்தைக்கும் ரத்தப் பரிசோதனை செய்க! ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெனிசிலினும் ஹைட்ராக்சியூரியாவும் ஒரு நாளும் தீராமல் இருக்கட்டும்! ஆதிவாசிகளையே சுகாதார ஊழியர்களாக நிரந்தர வேலையில் நியமி! நோயாளிக்கு இழந்த கூலியை ஈடு செய்!

தோழர்களே, சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். தீர்மானம் நிறைவேற்றிச் சர்க்காருக்கு அனுப்புங்கள். கூலியில் பாகுபாட்டை எதிர்ப்பவர்கள் நாம். ஆயுளில் பாகுபாட்டைச் சகிக்கலாமா?