அண்டா மட்டும் போதுமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் மாணவர் மன்றத்தில் கேட்டபோது, எல்லோரையும் போல "செயற்கை நுண்ணறிவு வரமா, சாபமா?" என்று எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் நடந்த ஒரு சங்கதி மனதைவிட்டுப் போக மறுக்கிறது. அதையே எழுதுகிறேன்.

எங்கள் வீடு ரமணாசிரமத்துக்கு எதிர்ப்புறம், செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். தங்கை ஒரு அரசுப் பள்ளியில் எட்டாவது. அவளைக் கூப்பிடப் போயிருந்தபோது தலைமையாசிரியர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, நீ எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமாதானே படிக்கிற? ஒரு நிமிஷம் வந்து இதைப் பாரு."

பூட்டியிருந்த ஒரு அறையைத் திறந்தார். சுவரெல்லாம் ராக்கெட் படம். வாசலில் ஒரு பெரிய கம்பெனியின் பெயர்ப் பலகை. உள்ளே பீரோ நிறைய ரோபோ கிட், சென்சார், ஆர்டுயினோ போர்டு. நம் லேபில் ஆறு பேருக்கு ஒரு போர்டு என்று முட்டி மோதுகிறோமே, அங்கே பிரிக்காத பெட்டியாகவே பத்து இருந்தது! ரிப்பன் வெட்டிய போட்டோவும் மாட்டியிருந்தது. அதற்கப்புறம் அந்த அறை திறந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாமாம்.

"ஓடலப்பா. ரிப்பேர்னு நினைக்கிறோம்" என்றார்.

ரிப்பேர் ஒன்றும் பெரிதில்லை. கோடு பார்த்து ஓடும் அந்த ரோபோவுக்குள் பேட்டரியைக் கழற்றாமலே வைத்துவிட்டார்கள். செல் ஒழுகி ஸ்பிரிங் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆல்கலைன் செல்லில் இருந்து கசிவது காரம்; புளிப்பு பட்டால் அடங்கிவிடும். ஒரு எலுமிச்சம்பழ மூடியால் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, ஒரு ஒயரைச் சோல்டர் செய்து, புது செல் நாலு போட்டேன். மொத்தச் செலவு இருநூறு ரூபாய்க்குள். ரோபோ கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியது. என் தங்கையும் அவள் கூட்டாளிகளும் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சில லட்ச ரூபாய் லேப், இருநூறு ரூபாய்க்காகத் தூங்கிக்கொண்டிருந்தது என்றால் யாருடைய தவறு?

அப்பாவிடம் சொன்னேன். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமாடா? அவங்க குடுக்கலேன்னா அதுவும் இல்ல" என்றார். பாதி நியாயம்தான். அந்தக் கம்பெனி கொடுத்திருக்காவிட்டால் என் தங்கை ரோபோவை மொபைல் போனில் மட்டுமே பார்த்திருப்பாள்.

ஆனால் இது வெறும் தானமும் இல்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பிரிவு 135, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி. இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் அந்தக் கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று அன்று வரம்பு வைத்தார்கள். சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் கல்விக்கும் இடமுண்டு. அதாவது சட்டப்படி வருகிற காசு. அப்படியென்றால் பல்லைப் பிடித்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டு அல்லவா?

பார்ப்போம். 2021-ல் விதிகளைத் திருத்தியபோது "கொடுத்ததால் என்ன பயன்?" என்று வெளியாள் வைத்து ஆராய வேண்டும் என்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அது ஆண்டுக்குச் சராசரி 10 கோடி செலவிட வேண்டிய பெரிய கம்பெனிகளுக்கு. அதிலும் 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்கு. ஒரே ஒரு பள்ளிக்குக் கொடுத்த சில லட்ச ரூபாய் லேப் அந்த வலையில் சிக்காது. பில் இருக்கிறது, போட்டோ இருக்கிறது, கணக்கு முடிந்தது!

பள்ளியின் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. ரெண்டு நாள் பயிற்சி எடுத்த அறிவியல் டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். பின்னால் வந்தவருக்கு ரோபோவைக் கண்டு பயமில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கண்டுதான் பயம். ஒரு சென்சார் உடைந்தாலும் பொறுப்பில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். பிறகு யார் பீரோவைத் திறப்பார்கள்? பிள்ளைகள் கை வைத்தால் நாலு உடையத்தான் செய்யும். முதல் வருஷ பிராக்டிகலில் நாம் எத்தனை எல்.இ.டி.யைக் கருக்கினோம்? கருக்காமல் கற்றவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள் பார்க்கலாம்!

கொடுப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டரிலும் அன்னதானம் நடக்கிறது. ஆசிரமத்தில் சாதுக்களுக்குத் தினமும் சோறு போடுகிறார்கள். பெரிய அண்டா ஒன்றை வாங்கி, பெயர் பொறித்து வாசலில் வைத்துவிட்டு, "அன்னதானம் முடிந்தது" என்று இங்கே யாரும் போவதில்லை. அரிசி வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், கிண்டுவதற்கு ஆள் வேண்டும், நாளைக்கும் வேண்டும். லேபுக்கு மட்டும் அண்டா போதும் என்று எப்படி முடிவு செய்தோம்?

நம் மாநிலத்திலேயே வேறு வழிகளும் உண்டு. காமராஜர் காலத்தில் 1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் ஊர் மக்களே பள்ளிக்கு வேண்டியதைக் கொடுத்தார்கள். கொடுத்தவர் அதே ஊர்க்காரர் என்பதால் பெஞ்சு உடைந்தால் கேட்க ஆள் இருந்தது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எளிய பொருட்களோடு ஆளே நேரில் போய்ச் சோதனை செய்து காட்டும்படி ஏற்பாடு. அறையைவிட ஆள் முக்கியம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. 2022 டிசம்பரில் "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" தொடங்கி, கம்பெனிகளும் முன்னாள் மாணவர்களும் அரசுப் பள்ளிக்கு உதவ ஒரு பொது வாசல் திறந்தார்கள். வாசல் சரி. உள்ளே என்ன வருகிறது, எத்தனை நாள் உழைக்கிறது என்பதே என் கேள்வி.

குறை மட்டும் சொன்னால் போதாது. எனக்குத் தோன்றிய மூன்று யோசனைகள்:

ஒன்று: கம்பெனி பொருளோடு பராமரிப்பையும் சேர்த்துக் கொடுக்கட்டும். தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்றாண்டு வரை ஒரு திட்டத்தைத் தொடர 2021 விதியே இடம் தருகிறது. ஆகவே "சட்டம் விடலை" என்று சொல்ல முடியாது. தலைமையாசிரியர்கள் தைரியமாகக் கேட்கலாம்.

இரண்டு: செல், ஒயர், எல்.இ.டி., சென்சார் எல்லாவற்றையும் ஒப்படைக்கும் அன்றே "தீர்ந்துபோகும் பொருள்" என்று எழுதித் தரட்டும். டீச்சருக்குப் பயம் போய்விடும், பீரோ திறக்கும்.

மூன்று: இதுதான் நமக்கு. நாம் பத்தாவது முடித்ததும் கையில் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தவர்கள். நம்மில் பாதிப்பேர் அரசுப் பள்ளியில் இருந்து வந்தவர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, ஐந்து பேர், ஒரு மல்டிமீட்டர், ஒரு சோல்டரிங் அயர்ன். இதை மன்றத்தின் வேலையாகவே எடுத்துக்கொண்டால், நகரத்தில் பூட்டிக் கிடக்கும் பீரோ ஒவ்வொன்றையும் திறந்துவிடலாம். அரியர் இருக்கும் நண்பர்களும் வரலாம். ரிப்பேர் பார்த்தால் தியரி தானாகப் புரியும்!

கடைசியாக ஒன்று. நாளை நம்மில் பலர் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போவோம். என்றாவது ஒருநாள் கம்பெனி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு அரசுப் பள்ளியில் லேப் திறக்கும் விழாவில் நிற்போம். அப்போது போட்டோவுக்குச் சிரிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் நண்பர்களே: "அடுத்த வருஷம் இதுக்கு பேட்டரி யார் மாத்துவாங்க?"

பதில் இல்லையென்றால், ரிப்பன் வெட்டாதீர்கள்.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை