மழை, மணி, பிறகு கிட்டார்

ஆஸி ஆஸ்பர்ன் 2025 ஜூலை 22 அன்று மறைந்தார். மறுநாள் காலை, ஈப்போ புந்தோங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் பாடிய ‘பிளாக் சபாத்’ குழுவின் முதல் இசைத்தட்டைப் போட்டேன். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்த தட்டு. இளவயதிலேயே கேட்டதுதான். சாத்தான் பாட்டு, கெட்டுப்போகிறவர்கள் கேட்பது என்று ஊரார் சொன்னதையும் சேர்த்துத்தான் அன்று கேட்டிருக்கிறேன்.

இந்தமுறை அம்மா பக்கத்தில் இருந்தார். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் முப்பது வருடம் பால் வெட்டியவர். இந்தத் தட்டில் கிட்டார் உடனே வராது. முதலில் மழை, இடி, தூரத்தில் ஒரு தேவாலய மணி. அரை நிமிடத்துக்கும் மேலாக அவ்வளவுதான். அம்மா சன்னல் பக்கம் திரும்பினார். “எட்டு மணிக்குள்ள விட்டுட்டா வெட்டிடலாம்” என்றார். வெளியே நல்ல வெயில்.

உலகம் அதைப் பேய்ப்பட மழையாகக் கேட்டது. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்ற காதுக்கு அது கூலி போன மழை. பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காது, மரமெல்லாம் வழியும். பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர்தான் சேரும். விடிகாலை இருட்டில் வாளியோடு நின்றவர்கள் லயத்துக்குத் திரும்புவார்கள். தகரக்கூரையில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்.

பிளாக் சபாத் நால்வரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதிப் பையன்கள், ஆலைக்காரர்களின் ஊர். ஆஸ்பர்ன் மாடறுக்கும் கொட்டகையில் வேலை செய்தவர். கிட்டார்க்காரர் டோனி அயோமி பதினேழு வயதில் தகரத் தகடு ஆலையில் இருந்தார். வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளில் இயந்திரம் அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைப் பறித்துக்கொண்டது. இடதுகைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துகிற கையே அதுதான். பாத்திரம் கழுவும் சோப்புப் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்தார், அதன்மேல் பழைய தோல்சட்டையிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டினார். விறைப்பான தந்தி வலித்ததால் மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிற்காலத்தில் உலகம் முழுதும் பரவிய அந்தக் கனத்த ஓசைக்குப் பின்னால் ஓர் ஆலைக் காயம் இருக்கிறது.

அம்மாவின் இடது ஆள்காட்டி விரலிலும் ஒரு வடு உண்டு. கத்தி நழுவியது. சைக்கிள் டியூபை மோதிரம்போல் வெட்டி மாட்டிக்கொண்டு அடுத்த நாளும் நிரைக்குப் போனார். ஒருநாள் விட்டால் ஒருநாள் கூலி.

முதல் பாட்டின் தொடக்கக் கிட்டார் மூன்றே சுரம். ச, மேல் ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமத்தில் நின்று நடுங்குவது. ஐரோப்பிய இசையிலக்கணத்தார் அந்த இடைவெளிக்குச் சாத்தானின் பெயரையே வைத்திருந்தார்கள். நமக்கோ எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் சரிபாதி, முப்பத்தாறு, அந்த மத்திமத்தில்தான் நிற்கின்றன. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் கல்யாணி எடுத்தால் கேட்பதும் அதுவே. அங்கே காந்தாரம் முன்னும் பஞ்சமம் பின்னும் நடக்க, அது ஊர்வலம் போகிற சுரம். இங்கே துணைக்கு ஆளில்லாமல் நிற்கிறது. சாத்தானை நான் கேட்கவில்லை. தனியாக விடப்பட்ட ஒருவனைக் கேட்டேன்.

அந்த 1970-ஐ ஒட்டித்தான் இங்கே மலேசியாவில் குடியுரிமையில்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலைப் பெர்மிட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கில் இந்தியா திரும்பினார்கள். பலர் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார்கள். அவர்கள் கதையும் ஆஸ்டன் கதையும் ஒன்று என்று சொல்லமாட்டேன். ஆஸ்டன் பையன்களை யாரும் அவர்கள் பிறந்த நாட்டிலிருந்து போகச் சொல்லவில்லை.

தட்டு முழுதும் ஒரே தரமும் இல்லை. இரண்டாம் பக்கத்தில் ‘வார்னிங்’ என்ற இரவல் பாட்டு பத்து நிமிடம் இழுக்கிறது, கிட்டார் வழிதெரியாமல் அலைகிறது. ஏறக்குறைய ஒரே நாளில் பதிந்த ஆல்பம், திருத்த நேரமிருந்திருக்காது. அந்த அவசரத்தினால்தான் நான்கு பேர் ஓர் அறையில் நிற்பது இன்றும் காதுக்குத் தெரிகிறது. அதற்காக அந்தப் பத்து நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அகிலனின் ‘பால் மரக் காட்டினிலே’, சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ என்று தோட்டம் நம் எழுத்தில் இருக்கிறது. பசியை, லயத்தை, கங்காணியைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறோம். காதால் எழுதியது குறைவு என்பது என் ஆதங்கம். பேராக்கில் பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை. பால் வெட்டியவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் போய்விட்டால் அந்த ஓசைகளை அடையாளம் சொல்லவும் ஆளிருக்காது.

அடுத்த இதழில் இதற்கெனப் பன்னிரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். காலி மங்கில் முதல் சொட்டு விழும் சத்தம். வெட்டுக்கோட்டிலிருந்து ஒட்டுப்பாலை உரிக்கும் சத்தம். பால் ஸ்டோரில் எடைபோட்டு எண் சொல்லும் கிராணியின் குரல். காய்ந்த மதியத்தில் ரப்பர்க் காய் வெடித்துக் கொட்டை தெறிப்பது. பெரட்டு மணி உங்கள் தோட்டத்தில் எதில் அடிக்கப்பட்டது என்பதையும் எழுதுங்கள். எங்களுடையதில் ஒரு தண்டவாளத் துண்டு.