வத்தகப்பழத்தை ஏன் வெட்டினீங்கள்?

போன மாதம் பலஸ்தீனத்துக்காகச் சுவரொட்டி ஒன்று எழுதி ஒட்டினோம். பெரிய சிவப்புத் துண்டு, கீழே 'வத்தகப்பழமும் குற்றமா?' அடுத்த நாள் பார்த்தால் 'வத்தகப்பழம்' எண்ட சொல்லைப் பேனையால் வெட்டி, மேலே 'தர்பூசணி' எண்டு எழுதிக்கிடந்தது. எழுதினவர் எங்கட சீனியர் அண்ணா ஒருத்தர்தான். கேட்டால், அது பேச்சுவழக்காம், சுவரொட்டிக்கு நல்ல தமிழ் வேணுமாம்.

நல்ல தமிழ்! தர்பூசணி பாரசீகத்துத் 'தர்பூஸ்'. இந்தி, உருது வழியாக வந்து எங்கட பூசணியின் வாலை ஒட்டிக்கொண்டது. வந்ததில் பிழையில்லை. தொலைக்காட்சியிலும் யூடியூப் சமையலிலும் கேட்ட சொல் தரமானது, அம்மம்மா சொன்ன சொல் கொச்சை எண்டு நினைக்கிறதுதான் பிழை. வீதியோரம் தறப்பாளுக்குக் கீழே பழம் குவிச்சு விற்கிற ஐயாவிடம் போய்த் தர்பூசணி கேட்டுப் பாருங்கோவன்.

வத்தகப்பழம் 'தூய' தமிழ் எண்டு நாங்களும் சண்டைபிடிக்க வரேல்லை. மலபாரில் இதை வத்தக்க என்கிறார்கள். அரபியில் பத்தீஹ். அந்த அரபுச் சொல்தான் போர்த்துக்கேயரிடம் பத்தேக்கா ஆனது. இந்த நாலையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உறவு காதிலேயே கேட்கும். காஸாவில் ஒரு பிள்ளை இந்தப் பழத்துக்குச் சொல்கிற பெயருக்குக் கிட்ட நிற்கிறது எங்கட பெயர். அண்ணா வெட்டினது அதை.

1967இல் மேற்குக் கரையையும் காஸாவையும் பிடித்த இஸ்ரேல், அங்கே பலஸ்தீனக் கொடியைத் தடை செய்தது. 1993 வரை அதுதான் நிலை. 1980இல் ரமல்லாவில் ஓவியக் கண்காட்சி ஒன்றைப் படையினர் மூடினார்கள். கொடியின் நாலு நிறத்தில் எதை வரைந்தாலும், வத்தகப்பழமே ஆனாலும், பறிப்போம் எண்டு அதிகாரி மிரட்டியதை ஓவியர் ஸ்லீமான் மன்சூர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2023 ஜூனில் டெல் அவிவ் டாக்ஸிகளில் வத்தகப்பழப் படம் ஓடியது, 'இது பலஸ்தீனக் கொடி இல்லை' என்ற வரியோடு. கார்த்திகையில் சிவப்பு மஞ்சள் கொடிகளைக் கழற்ற வருகிற பொலிஸைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தப் பகிடி விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தடைசெய்த ஆட்களுக்கு எதிராக எழுதின சொல்லை, எங்கட ஆளே தணிக்கை செய்தால் என்னெண்டு சிரிக்கிறது?

சுவரொட்டியைத் திரும்ப எழுதி அதே இடத்தில் ஒட்டியிருக்கிறோம், அண்ணா. இந்தமுறை எழுத்து இன்னும் பெரிசு. பேனையை வீட்டில வைச்சிட்டு வாங்கோ, பழம் வெட்டித் தாறம்.