கும்பளங்கியின் கவரும் ஜன்னலோரப் புட்டியும்

கோடை முற்றியதும் கொச்சியை ஒட்டிய கும்பளங்கியில் இரவுக் கூட்டம் சேர்கிறது. இறால் வளர்க்கும் கெட்டுகளில் கையை விட்டு அளைந்தால் தண்ணீர் நீலமாக மின்னுகிறது. ஊர்க்காரர்கள் இதைக் 'கவரு' என்கிறார்கள். 2019இல் வெளிவந்த 'கும்பளங்கி நைட்ஸ்' படத்தில் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத் தேடி வருபவர்கள் பலர்.

மின்னுவது தண்ணீர் அல்ல, அதில் மிதக்கும் ஒருசெல் உயிர்கள். நீர் கலங்கியதும் அவற்றின் உடலிலுள்ள லூசிஃபெரின் ஆக்சிஜனோடு சேர்ந்து கணநேரம் ஒளி விடுகிறது. மார்ச் முதல் மே வரை காயலில் உப்பு ஏறும்போது இவை பெருகும். ஜூன் மழை இறங்கி உப்பு குறைந்ததும் ஒளி அடங்கிவிடும். அந்தப் பக்கத்து வயல்களில் பொக்காளி நெல் விதைக்கும் காலம் அது.

அழகாக இருப்பதாலேயே இந்தப் பெருக்கம் எங்கும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. கடலில் ஒளிரும் நாக்டிலூகா 2008 அக்டோபரில் மன்னார் வளைகுடாவில் அளவு மீறிப் பெருகியபோது நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கின. நுண்ணுயிர்களின் எண்ணிக்கை மாறினால் நீரின் நிலையும் மாறுகிறது. அதனால்தான் அவற்றைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குக் கும்பளங்கிவரை போக வேண்டியதில்லை. அகலவாய்க் கண்ணாடிப் புட்டி ஒன்றில் குளத்து நீர், அடிமண் ஒரு பிடி, வேலம்பாசி ஒரு கொத்து. நேர் வெயில் படாத ஜன்னலோரம் போதும். மீன் விடக் கூடாது, விட்டால் பார்க்க வேண்டியதையெல்லாம் தின்றுவிடும். வாயை மெல்லிய துணியால் கட்டிவிட்டால் கொசு முட்டையிடாது.

சில நாட்களில் வெள்ளைப் புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளுவது வெறுங்கண்ணுக்கே தெரியும். அவை சைக்ளாப்ஸ். குடிநீரோடு உடலுக்குள் போய் நரம்புச் சிலந்தி நோயைப் பரப்பியது இந்த உயிரினம்தான். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கும் பழக்கம் அந்த நோயை ஒழிப்பதில் பெரும் பங்கு வகித்தது. 2000இல் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இன்னும் நுண்ணியவற்றைக் காண ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. மீரட்டில் பிறந்த மனு பிரகாஷ் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் உருவாக்கி, 2014இல் உலகுக்கு அறிவித்த காகித நுண்ணோக்கி இது. பொருளை 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். பாசியோரத்து நீரில் ஒரு துளி எடுத்து வைத்தால் செருப்பு வடிவப் பாரமீசியம் சுழன்றபடி நீந்தும். தலையில் சக்கரம் சுழல்வதுபோல் மயிரிழைகளை அசைத்து ரோட்டிஃபர் இரை இழுக்கும். மண்ணருகே எடுத்த துளியில் வேறு கூட்டம் இருக்கும்.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பறை ஜன்னலில் இப்படி ஒரு புட்டியை வையுங்கள். வாரம் ஒருமுறை பிள்ளைகள் பார்த்து வரையட்டும், தேதி போட்டுக் குறித்து வைக்கட்டும். பக்கத்துக் குளத்தில் சாக்கடை கலந்தால் அடுத்த முறை எடுத்த துளியிலேயே அவர்களால் வித்தியாசம் சொல்ல முடியும்.