"செம மச்சி!" கமென்ட்டை நம்பாதீங்க... உங்க மியூசிக் வீடியோவுக்கு உண்மையான விமர்சனம் எங்கே கிடைக்கும்?

"பாட்டு எப்பப்பா வரும்?"

ஜர்னலிசம் டிப்ளமோ படிச்சப்போ நாங்க ஆறு பேர் சேர்ந்து ஒரு மியூசிக் வீடியோ எடுத்தோம். ரிலீஸுக்கு முந்தின நாள் ராத்திரி அதைப் பார்த்த நண்பனோட அம்மா கேட்ட கேள்விதான் இது. நாங்க சிரிச்சோம். "அம்மா, அது மூட் செட் பண்ற இன்ட்ரோ. கொஞ்சம் பொறுங்க"ன்னு விளக்கம் வேற கொடுத்தோம். பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 50 செகண்டுக்கு கடல், பஸ் ஜன்னல், காத்துல ஆடுற துப்பட்டா. எங்க டைரக்டருக்கு அதுல ஒரு ஷாட்டைக்கூட வெட்ட மனசு வரலை.

மறுநாள் அப்லோடு. "செம மச்சி", "வேற லெவல்", வரிசையா ஃபயர் எமோஜி. ட்ரீட் எல்லாம் முடிஞ்சு நாலு நாள் கழிச்சு யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்தா, பார்த்தவங்கள்ல பாதிக்கு மேல அந்த 50-வது செகண்டைத் தாண்டவே இல்லை. அதாவது, பாட்டையே கேட்காம போயிட்டாங்க. எல்லாரும் பாராட்டினப்போ அந்த அம்மா மட்டும்தான் உண்மையைச் சொல்லியிருந்தாங்க. அதுவும் இலவசமா, ஒரு நாள் முன்னாடியே.

இதை இப்போ எழுதக் காரணம் இருக்கு. 2021-ல 'எஞ்சாயி எஞ்சாமி', 2024-ல 'கட்சி சேர'ன்னு சினிமாவுக்கு வெளியே பிறந்த பாட்டுகள் பட்டிதொட்டியெல்லாம் ஒலிச்சதுல இருந்து, விஸ்காம் டிபார்ட்மென்ட்ல மட்டுமில்ல, இன்ஜினீயரிங் ஹாஸ்டல்லயும் ஒரு கேங் பாட்டு எடுத்துட்டிருக்கு. கேமரா வாடகை, எடிட், மிக்ஸிங்னு கைக்காசு கரையுது. அதைவிட முக்கியமா, ஒரு வருஷ நட்பும் நம்பிக்கையும் அதுல போகுது. ஆனா, "பார்த்தவங்க என்ன சொல்றாங்க, அதுல எதை எடுத்துக்கணும்"ங்கிற பாடத்தை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்லித் தர்றதில்லை.

கோடிகள் கொட்டினாலும் இதே தலைவலிதான்

இது ஸ்டூடன்ட் பிரச்னை மட்டும்னு நினைக்காதீங்க. 2024-ஐ ஞாபகப்படுத்திப் பாருங்க. ஜூலையில் 'இந்தியன் 2' ரிலீஸாச்சு. நீளம் அதிகம்னு ரசிகர்கள் சொன்னதும் 12 நிமிடக் காட்சிகளை வெட்டினாங்க. நவம்பரில் 'கங்குவா'. சத்தம் காதைப் பிளக்குதுன்னு முதல் நாளே புகார். ஒலி அளவை 2 புள்ளிகள் குறைக்கச் சொல்லி தியேட்டர்களிடம் பேசியதா தயாரிப்பாளர் சொன்னார். அதுக்கப்புறம் அந்தப் படத்திலும் 12 நிமிடங்கள் குறைக்கப்பட்டன.

அதே நவம்பரில் இன்னொன்றும் நடந்தது. முதல் நாள் முதல் காட்சி முடிந்ததும் தியேட்டர் வாசலில் மைக் நீட்டி ரசிகர்களிடம் கருத்துக் கேட்கும் யூடியூப் சேனல்களை அனுமதிக்க வேண்டாம்னு தயாரிப்பாளர்கள் சங்கம் தியேட்டர் உரிமையாளர்களிடம் கேட்டுக்கொண்டது. முதல் 3 நாள்களுக்கு விமர்சனமே வரக் கூடாதுன்னு வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. உடனடியாகத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

யார் பக்கம் நியாயம்ங்கிறது வேற விவாதம். நமக்கு இதுல இருக்கிற பாடம் ஒண்ணுதான்: ரிலீஸுக்கு அப்புறம் வர்ற கருத்து தீர்ப்பு, ரிலீஸுக்கு முன்னாடி வர்ற கருத்து மட்டும்தான் உதவி. தியேட்டர்லயாவது வெட்டின படத்தை மறுபடி அனுப்பலாம். யூடியூப்ல ஒரு வீடியோவை ஏத்திட்டா, அதே லிங்க்ல புது வெர்ஷனை மாத்திப் போட வழியே இல்லை. கொஞ்சம் ட்ரிம் பண்ணலாம், அவ்வளவுதான். மறுபடி ஏத்தினா வியூஸும் கமென்ட்டும் பூஜ்ஜியத்துல இருந்து.

கை பிடிக்குதுன்னா, தோளைப் பிரிக்கணும்

சரி, முன்னாடியே நாலு பேர்கிட்ட கேட்டுட்டோம். அவங்க சொன்னதை எல்லாம் அப்படியே மாத்திடணுமா? இங்கதான் நாங்க ரெண்டாவது தடவை சறுக்கினோம்.

டெய்லர் கடையை நினைச்சுப் பாருங்க. சட்டையைப் போட்டுப் பார்த்துட்டு "அண்ணே, கைகிட்ட பிடிக்குது"ன்னு சொல்றோம். நல்ல டெய்லர் கையைப் பிரிக்க மாட்டார். தோள்பட்டையைத் தடவிப் பார்ப்பார். தப்பு அங்கே இருக்கும். பிடிக்கிற இடத்தைச் சொல்ல நமக்குத்தான் தெரியும். எங்கே பிரிக்கணும்னு அவருக்குத்தான் தெரியும்.

பார்வையாளரும் அப்படித்தான். எங்களோட அடுத்த வீடியோவைப் பார்த்த மூணு பேர் "ரெண்டாவது சரணம் ஸ்லோ, பீட்டை ஏத்துங்க"ன்னாங்க. நாங்களும் மியூசிக் பண்ணின பையன்கிட்ட சண்டை போட்டு பீட்டை ஏத்தினோம். முன்னைவிட மோசமாச்சு. அப்புறம் நிதானமா பார்த்தா, முதல் சரணத்துல வந்த அதே அஞ்சு ஷாட்டைத்தான் ரெண்டாவதுலயும் திருப்பிப் போட்டிருந்தோம். கண்ணுக்குப் புதுசா எதுவும் வரலை. அதைத்தான் அவங்க "ஸ்லோ"ன்னு சொல்லியிருக்காங்க. வலி உண்மை, சொன்ன மருந்துதான் தப்பு.

ஹாலிவுட்டும் இதுல அடி வாங்கியிருக்கு. 1982-ல 'பிளேட் ரன்னர்' படத்தைச் சோதனைக் காட்சியில் பார்த்தவங்க "குழப்பமா இருக்கு"ன்னாங்க. உடனே ஹீரோ குரல்ல கதையை விளக்குற வாய்ஸ் ஓவரையும், சுபமான முடிவையும் சேர்த்து ரிலீஸ் பண்ணினாங்க. அப்பவும் படம் வசூல்ல தடுமாறியது. 1992-ல வந்த டைரக்டர்ஸ் கட் பதிப்புல அந்த வாய்ஸ் ஓவரையும் சுப முடிவையும் தூக்கிட்டாங்க. இன்னைக்கு அந்தப் படத்தை ரசிகர்கள் கொண்டாடுறது பெரும்பாலும் அவை இல்லாத பதிப்புகளைத்தான்.

இங்கிலாந்துல இதுக்கு மார்க்கே உண்டு

நம்ம பிளஸ் டூ மாதிரி அங்கே ஏ-லெவல். ஓ.சி.ஆர் என்ற தேர்வு வாரியத்தின் முந்தைய மீடியா ஸ்டடீஸ் பாடத்திட்டத்தில், மாணவர்கள் மியூசிக் வீடியோ எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. அந்தப் புராஜெக்ட்டின் 100 மதிப்பெண்ணில் 20 மதிப்பெண், தன் வேலையைத் தானே மதிப்பிட்டுப் பார்ப்பதற்கு. அதில் கட்டாயமாகப் பதில் சொல்ல வேண்டிய 4 கேள்விகளில் ஒன்று, பார்வையாளர் கருத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்பது.

"எல்லாருக்கும் பிடிச்சிருந்தது"ன்னு எழுதினா அது பதிலே இல்லை. "யார், எந்த இடத்துல, என்ன சொன்னாங்க, நான் எதை மாத்தினேன், எதை மாத்தலை, ஏன்?" இதுதான் பதில். உங்க டிபார்ட்மென்ட்ல இதுக்கு மார்க் இல்லாட்டியும், நோட்டுல ஒரு பக்கம் இதுக்கு ஒதுக்குங்க.

எப்படிக் கேட்கிறது பாஸ்?

1. கேங்கை விடுங்க. ஷூட்டுக்கு வந்தவங்க, டீ வாங்கிக் கொடுத்தவங்க, உங்க க்ரஷ்... யாரும் வேண்டாம். அவங்க உங்களைத்தான் பார்ப்பாங்க, வீடியோவை இல்லை. உங்களை அவ்வளவா தெரியாத ஏழெட்டுப் பேர் போதும். அதுல ரெண்டு பேர் வேற வயசுக்காரங்களா இருக்கட்டும். அன்லிஸ்டட் லிங்க்கா வெச்சுட்டா, லிங்க் இருக்கிறவங்க மட்டும்தான் பார்க்க முடியும்.

2. போன்லயே காட்டுங்க. எடிட்டிங் ரூம் ஸ்பீக்கர்லயும் காஸ்ட்லி ஹெட்போன்லயும் எல்லாமே நல்லாத்தான் கேட்கும். போன் ஸ்பீக்கர் சின்னது, ஆழமான பேஸ் அதுல காணாமப் போயிடும். பாட்டு வரி புரியுதா, குரலை மியூசிக் அமுக்குதான்னு அங்கேதான் தெரியும். பஸ் ஸ்டாண்ட் இரைச்சல்ல ஒரு தடவை கேட்டுப் பாருங்க. உங்க வீடியோ வாழப்போற உலகம் அதுதான்.

3. வாயைத் திறக்காதீங்க. "இது ஒரு மெட்டஃபர்"னு முன்கூட்டியே விளக்காதீங்க. நாளைக்கு ஒவ்வொருத்தர் போன்லயும் நீங்க உட்கார்ந்து விளக்க முடியாது. பக்கத்துல நின்னு அவங்க கட்டைவிரலைப் பாருங்க. எந்த இடத்துல அது ஸ்கிரீனுக்குப் போகுது? மரியாதைக்காக வாய் பொய் சொல்லும், கட்டைவிரல் சொல்லாது.

4. "நல்லாருக்கா?"ன்னு கேட்காதீங்க. அதுக்கு நம்ம ஊர்ல ஒரே பதில்தான், "நல்லாருக்கு". பதிலா மூணு கேள்வி: எந்த இடத்துல போனைக் கீழே வைக்கலாம்னு தோணுச்சு? கதை என்னன்னு ஒரு வரியில சொல்ல முடியுமா? இப்போ கண்ணை மூடினா எந்த ஷாட் ஞாபகம் வருது?

5. ஒருத்தர் சொன்னா குறிச்சுக்கோங்க, மூணு பேர் சொன்னா மாத்துங்க. ஒருத்தர் சொல்றது அவர் ரசனையா இருக்கலாம். ஒருத்தரையொருத்தர் தெரியாத மூணு பேர் அதே செகண்ட்ல நெளியறாங்கன்னா, தப்பு அங்கேதான். எப்படி மாத்தணும்ங்கிறது உங்க முடிவு.

அப்லோடு பண்ணின பிறகு...

பொதுவுல டிஸ்லைக் எண்ணிக்கை தெரியுறதை யூடியூப் 2021 நவம்பர்ல நிறுத்திடுச்சு. ஆனா, உங்க வீடியோவுக்கு எத்தனை டிஸ்லைக்னு உங்க ஸ்டூடியோவுல தெரியும். அதைவிட முக்கியம், ஆடியன்ஸ் ரிடென்ஷன் கிராஃப். முதல் 30 செகண்டைத் தாண்டி எத்தனை சதவிகிதம் பேர் நின்னாங்கன்னு அது தனியாவே காட்டும். கோடு திடீர்னு சரிஞ்சா, அங்கே ஆள் கழண்டிருக்காங்க, இல்ல தள்ளி ஓட்டியிருக்காங்க. மேலே குத்திட்டு நின்னா, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்காங்கன்னு அர்த்தம். அடுத்த வீடியோவுக்கு ஷார்ட்ஸ் வெட்ட அதைவிட நல்ல ஐடியா கிடையாது.

ஆனா கிராஃபும் டெய்லர் கடை கஸ்டமர் மாதிரிதான். 'எங்கே'ன்னு சொல்லும், 'ஏன்'னு சொல்லாது. 'ஏன்'ங்கிறதுக்கு ஒரு மனுஷன் முகத்தைத்தான் பார்க்கணும்.

எல்லா கமென்ட்டும் ஃபீட்பேக் இல்லை

கடைசியா ஒண்ணு. சொல்லாம விட்டுடலாம்னுதான் இருந்தேன்.

எங்க முதல் வீடியோவுல நடிச்சது எங்க கிளாஸ் பொண்ணு. மூணாவது நாள் அவ நிறத்தைப் பத்தியும் உடம்பைப் பத்தியும் கமென்ட் வர ஆரம்பிச்சது. நாங்க அழிக்கலை. "கமென்ட் வந்தா ரீச்தான், விடு"ன்னு ஒருத்தன் சொன்னான். நான் ஆமான்னு தலையாட்டினேன். அவ எதுவும் கேட்கலை. அடுத்த வாரம் எங்க வாட்ஸ்அப் குரூப்புல இருந்து வெளியேறினா. அதுக்கப்புறம் கேமரா முன்னாடி அவ வரவே இல்லை. வீடியோவை நாங்க பிரைவேட் பண்ணினப்போ, ரொம்ப லேட் ஆகியிருந்தது.

வேலையைப் பத்திச் சொல்றது விமர்சனம், அது எவ்வளவு காட்டமா இருந்தாலும் கேட்டுக்கலாம். ஆளைப் பத்திச் சொல்றதுல கத்துக்க ஒண்ணும் இல்லை. அப்லோடு பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே ஸ்டூடியோ செட்டிங்ஸ்ல கமென்ட்டை ரிவ்யூவுக்கு நிறுத்திவைக்கிற ஆப்ஷனைப் போடுங்க. தடை செய்யவேண்டிய சொற்களைப் பட்டியல்ல சேருங்க. தமிழ் எழுத்துலயும், இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ற தங்கிலீஷ்லயும். நடிச்சவங்களே கமென்ட்டைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிற நிலைமை வரக் கூடாது. முதல் ஒரு வாரம் யார் கமென்ட் பார்க்கிறதுன்னு குழுவுல ஒருத்தருக்கு டியூட்டி போடுங்க. லைட்டிங்குக்கு ஆள் வைக்கிற மாதிரி இதுக்கும் ஒரு ஆள்.

மூணாவது வீடியோவை எடிட் பண்ணினதும் நேரா அதே அம்மாகிட்ட போனோம். போனைக் கையில கொடுத்துட்டு, ஆறு பேரும் ஒரு வார்த்தை பேசலை. முழுசா பார்த்தாங்க. "அந்தப் பையன் எதுக்குப்பா கோவிச்சுக்கிட்டுப் போறான்?"னு கேட்டாங்க. ஒருத்தரும் சிரிக்கலை. நான் நோட்டை எடுத்து நேரத்தைக் குறிச்சேன்: 1 நிமிடம் 40-வது செகண்ட்.

உங்க ரிலீஸ் தேதி எப்போ? ஒரு வாரம் தள்ளி வைங்க. இன்ஸ்டாவுல போஸ்டர் போட்டாச்சுன்னா பரவாயில்லை. முதல்ல உங்க தெருவுல இருக்கிற ஒரு அம்மாகிட்ட போனைக் கொடுங்க.