அக்காவும் விளையாட வேண்டிய பிள்ளையே

காட்டூன் படங்களைப் பற்றிப் பெற்றோர் பேசும்போது பெரும்பாலும் குறைகளே பேசப்படுகின்றன. அவை படிப்பைக் கெடுக்கின்றன, பிள்ளைகளுக்கு அடிதடியைப் பழக்குகின்றன என்கிறோம். இக்குறைகளில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் நல்லது ஒன்று வரும்போது அதனை நல்லது என்று சொல்வதும் எமது கடமையாகும். பிள்ளைகளோடு பெரியவர்களும் இருந்து பார்த்துச் சிந்திக்கத்தக்க ஒரு தொடரைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

‘புளூயி’ என்பது அதன் பெயர். அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள லூடோ ஸ்ரூடியோ தயாரித்த இத்தொடர், 2018 ஒக்டோபர் முதலாம் திகதி அந்நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசியில் ஆரம்பமாகியது. இதனை உருவாக்கிய ஜோ பிரம் இரண்டு பெண் பிள்ளைகளின் தந்தை. தம் பிள்ளைகள் வீட்டில் விளையாடிய விளையாட்டுக்களிலிருந்தே பல கதைகளை அவர் எடுத்தார். ஒரு கதை ஏறக்குறைய 7 நிமிடங்களில் முடிந்துவிடும்.

கதையில் வருவோர் எல்லோரும் நாய்கள். அக்கா புளூயி நீல நிறம். தங்கை பிங்கோ சிவப்பு நிறம். தொடரின் ஆரம்பத்தில் அக்காவுக்கு வயது 6, தங்கைக்கு 4. இருவரும் அவுஸ்திரேலியப் பண்ணைகளில் மாடு சாய்ப்பதற்கென வளர்க்கப்படும் இனத்தைச் சேர்ந்தவர்கள். மந்தைக்குப் பின்னால் நின்று, பிந்துகின்ற மாட்டைக் குதிக்காலில் கடித்து முன்னே விடுவது அந்த நாயின் தொழில். பிந்தி நிற்பதை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது மாடு வளர்த்த எமது மக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஒரு கதையில் இந்த ஒழுங்கு பிழைத்துப் போகின்றது. புளூயியும் பிங்கோவும் அயல்வீட்டுப் பிள்ளை ஜூடோவும் சேர்ந்து விளையாடுகின்றனர். பெரியவர்கள் இருவரும் சின்னவளை விட்டுவிட்டு ஓடிவிடுகின்றனர். பிங்கோவின் மனம் நொந்துவிடுகின்றது; இனி விளையாட வரமாட்டேன் என்று நின்றுவிடுகின்றாள். தங்கையின் மனத்தை எப்படித் தேற்றுவது என்று அக்காதான் வழி தேடவேண்டியிருக்கின்றது. இக்கதை தோழியைக் குற்றவாளி ஆக்கவில்லை. தோழியும் இருக்கட்டும், தங்கையும் விடுபடாதிருக்கட்டும் என்பதே அதன் பாடம்.

இன்னொரு கதையில் குடும்பம் காட்டோரத்தில் கூடாரமடித்துத் தங்குகின்றது. அங்கே ஜான்-லுக் என்றொரு சிறுவனைப் புளூயி சந்திக்கின்றாள். அவன் பேசுவது பிரெஞ்சு. இவள் பேசுவது ஆங்கிலம். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காது. ஆனாலும் இருவரும் சேர்ந்து கொட்டில் கட்டுகின்றனர், பன்றி வேட்டை விளையாடுகின்றனர், ஒரு விதையையும் நாட்டுகின்றனர். பின்னர் அவனுடைய குடும்பம் புறப்பட்டுப் போய்விடுகின்றது. பிரியாவிடை சொல்லவும் முடியவில்லை. புளூயி அழும்போது தாய் அவளை அணைத்து ஆறுதல் சொல்கின்றாள். கதையின் முடிவில் ஆண்டுகள் பல கடந்துவிடுகின்றன. விதை மரமாகிவிட்டது. வளர்ந்த புளூயி அதன் கீழே அமர்ந்திருக்க, அந்தத் தோழன் திரும்பி வந்து அவளுடைய மொழியிலேயே அவளை அழைக்கின்றான்.

2024 ஏப்ரலில் வெளிவந்த 28 நிமிடக் கதையிலே புளூயியின் வீடே விற்பனைக்கு விடப்படுகின்றது. தந்தைக்கு வேறு நகரில் கூடிய சம்பளத்தில் வேலை. வீட்டையும் தோழர்களையும் விட்டுப்போகப் பிள்ளைக்கு மனமில்லை. கடைசியில் வீட்டை வாங்க வந்தவர்கள் விலகிக்கொள்ள, தந்தை விற்பனைப் பலகையைப் பிடுங்கி எறிகின்றார். குடும்பம் அங்கேயே தங்கிவிடுகின்றது.

எமது பிள்ளைகளுக்கு இப்படியொரு முடிவு கிடைக்கவில்லை. 1990இலும் 1995இலும் 2009இலும் புறப்பட்டவர்களிடம் யாரும் பலகை நாட்டிக் கேட்கவில்லை. வயலும் கிணறும் மாடும் ஓரிரவில் பின்னால் நின்றுவிட்டன. அன்று கைப்பிள்ளைகளாயும் பாடசாலைப் பிள்ளைகளாயும் வந்தவர்களில் பலர் இன்று பெற்றோர். ஆகவே கடைசிக் கதையைவிடக் கூடாரக் கதையே எமக்கு நெருக்கமானது. பிரிவு தவிர்க்க முடியாததாயினும் நட்ட விதை வீணாகாது என்பதை அது சொல்கின்றது.

இங்கு எமது மக்களிடம் இரண்டு விடயங்களைச் சொல்ல விரும்புகின்றோம்.

முதலாவது, மூத்த பெண் பிள்ளையைப் பற்றியது. இடம்பெயர்ந்த குடும்பத்தில் தாய் கூலி வேலைக்குப் போகவேண்டியிருக்கின்றது. தண்ணீர், விறகு, கைக்குழந்தை எல்லாம் பத்து வயது அக்காவின் தலையில் விழுகின்றன. “அவள் எங்களுக்கு இன்னொரு தாய்” என்று பெருமையாகச் சொல்கின்றோம். இந்தப் பெருமைக்குள் ஓர் அநீதி ஒளிந்திருக்கின்றது. சகோதர பாசம் பிள்ளையின் உள்ளத்தில் தானாக ஊறுவது. அதனை நாளெல்லாம் சுமக்கும் வேலையாக்கினால், தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்றப் பிள்ளைகளின் விளையாட்டை வேலிக்கு இப்பால் நின்று பார்க்கும் அக்காவே மிஞ்சுவாள். அவளுக்குத் தோழியும் இல்லை. நாளடைவில் தங்கைமீது கசப்பும் வரும்.

விவிலியத்தில் குழந்தை மோசேயை நாணற் கூடையில் வைத்து ஆற்றோரம் விட்டபோது, அவனுடைய அக்கா தூரத்தில் நின்று காவல் பார்த்தாள். துணிவோடு அரசன் மகளிடம் பேசியவளும் அவளே. ஆனால் அவள் உடனே ஓடிப்போய்த் தாயை அழைத்து வந்தாள். பிள்ளையைத் தாய் பொறுப்பேற்றாள். அக்காவின் காவல் சிறிது நேரத்துக்கு உரியது. வளர்க்கும் பொறுப்பு பெற்றோருடையது.

இரண்டாவது, புதிய நட்பைப் பற்றியது. “இங்கத்தைப் பிள்ளைகளோடு சேராதே, நாங்கள் நாளைக்குப் போய்விடுவோம்” என்று சொல்லும் பெற்றோர் உள்ளனர். அயலவர் எமது பிள்ளைகளை ‘இடம்பெயர்ந்து வந்ததுகள்’ என்று அழைத்த நோவு அவர்களிடம் இருக்கின்றது. அந்த நோவை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாளைக்குப் போவோம் என்று சொல்லியே பலர் பத்து, இருபது ஆண்டுகள் இருந்துவிட்டனர். அந்த ஆண்டுகளில் ஒரு பிள்ளையின் பிள்ளைப்பருவம் முழுவதும் முடிந்துவிடுகின்றது. வேறு ஊர்ப் பிள்ளையோடும் வேறு மதத்துப் பிள்ளையோடும் சிங்களம் பேசும் பிள்ளையோடும் விளையாடுவதற்குப் பெரியவர்களின் மொழிபெயர்ப்புத் தேவையில்லை. கொட்டில் கட்ட நாலு தடியும் ஒரு பழைய சீலையும் போதும்.

“அந்த நாய்க் குடும்பத்துக்கு நல்ல வீடும் மாதச் சம்பளமும் இருக்கின்றன, எமக்கு விளையாட நேரம் ஏது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அத்தொடரின் விளையாட்டுக்களுக்குப் பணம் தேவைப்படுவது மிகக் குறைவு. ஒரு கதை முழுவதும் ஒரேயொரு பலூனை நிலத்தில் விழவிடாமல் தட்டுவதுதான். அங்கே தந்தையும் நிலத்தில் உருண்டு விளையாடுகின்றார். பிள்ளை பராமரிப்பு பெண்களின் வேலை என்று ஒதுங்கும் எமது ஆண்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது பெரிய திட்டம் ஒன்றையல்ல. பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் மூத்த பிள்ளையை எந்த வேலைக்கும் கூப்பிடாதீர்கள். அந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஒரு வரிசை வீடுகளின் தாய்மாரும் தந்தையரும் முறை வைத்துக்கொள்ளலாம். மாதர் சங்கமும் முன்பள்ளி ஆசிரியைகளும் மறைக்கல்வி ஆசிரியர்களும் இதற்கு இடம் ஒழுங்கு செய்யலாம். அயற்கிராமப் பிள்ளைகளையும் அழையுங்கள். மீண்டும் ஊர் திரும்பும் குடும்பங்கள் பிள்ளைகளுக்குப் பிரியாவிடை சொல்ல ஒரு நாள் கொடுங்கள். இரு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு வேப்பம் விதையையோ பலாக் கொட்டையையோ நாட்டிவிட்டுப் பிரியட்டும்.

நிலம் இழந்த விவசாயி கூட அடுத்த போகத்துக்கு விதைநெல்லைக் காத்து வைப்பான். எமது பிள்ளைகளின் பாசமும் நட்பும் அவ்வாறான விதைநெல்லே. இன்றைய கஷ்டத்துக்காக அதனைக் குத்தி உண்டுவிட வேண்டாம்.